தேதி இல்லாத தூக்கு

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம் வைகாசியில் என் பெரியப்பா மகன் தன் பேரனுக்கு உசிலம்பட்டியில் காதணி விழா வைத்தார். ஊருக்குள் நுழையும் இடத்திலிருந்து மண்டபம் வரை பிளக்ஸ் பேனர்கள். காது குத்தப்போகும் குழந்தை எல்லாவற்றிலும் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு அழுவதற்குத் தயாராக நின்றது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது கையில் கொடுத்த தாம்பூலப் பையில் தேங்காயோடும் வெற்றிலையோடும் ஒரு புத்தகம் இருந்தது. வழவழப்பான அட்டை. எங்கள் குடும்பத்தின் வரலாறு. எழுதியவர் அந்த அண்ணனேதான்.

அவர் அரசாங்கத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சொந்தத்தில் முதலில் கார் வாங்கியவர், முதலில் விமானம் ஏறியவர். ஓய்வுக்குப் பிறகு மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எங்கள் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் அத்தையும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அத்தை என்றால் என் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். அரசரடியில் தவிடும் புண்ணாக்கும் விற்கிற கடை வைத்திருந்தார். எழுபது தாண்டியும் தவிட்டு மூட்டையைத் தானே இழுத்துப் போடுவார். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். சின்ன எழுத்தென்றால் கண் பிடிக்காது. நான் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் நீட்டுவது அவருக்குப் பழக்கம்.

"எங்கய்யாவப் பத்தி எழுதிருக்கானாத்தா? எங்க, வாசி பாப்பம்."

நான் பக்கங்களைத் தள்ளினேன். எங்கள் தாத்தாவுக்கு ஆறு பக்கம். ஊருக்குக் கிணறு வெட்டியவர், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர். அவருடைய தம்பிக்கு, அதாவது எனக்குச் சின்னத் தாத்தாவான அத்தையின் அப்பாவுக்கு, மூன்று வரி. 'இவர் இளம் வயதில் மலேயாவுக்குச் சென்றார். அங்கே உடன் வேலை பார்த்த ஒருவரைக் கொலை செய்த குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். ஆதாரம்: மலேயாவின் பழைய ஆங்கிலப் பத்திரிகை.'

நான் பக்கத்தைத் திருப்புவதுபோல் பாவனை செய்தேன்.

"என்னத்தா, கண்ணு தெரியலையா?"

"வெளிச்சம் பத்தலை அத்தை. வீட்டுக்குப் போயி வாசிக்கிறேன்."

"பட்டப்பகல்ல என்ன வெளிச்சம் பத்தலை? வாசிங்கிறேன்ல."

வாசித்தேன். குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முடித்ததும், "திரும்ப வாசி" என்றார். திரும்பவும் வாசித்தேன்.

"இது எம்புட்டுப் பேருக்குக் குடுத்துருக்கான்?"

"வந்த எல்லாருக்கும் குடுத்துருக்காரு அத்தை."

பஸ் கருமாத்தூரை நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தை எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரைப் பார்த்துக் கத்தினார். "ஏய்யா, நிப்பாட்டு. இறங்கணும்." நானும் பின்னாலேயே இறங்கினேன். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி மறுபடியும் உசிலம்பட்டிக்கே போனோம்.

மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மேடைக்குக் கீழே உட்கார்ந்து போட்டோ எடுப்பவரிடம் ஆல்பம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஏதோ மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்னத்தை, பையை விட்டுட்டீகளா?"

"மருமகனே, எங்கய்யாவத் தூக்குல போட்டாய்ங்கன்னு உனக்கு யாரு சொன்னது?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "அத்தை, நீங்க கோவப்படக் கூடாது. வரலாறுன்னா நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். உள்ளதை உள்ளபடி எழுதணும்ல?"

"உள்ளதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ கூடப் போனியா?"

"பத்திரிகையில வந்துருக்கு அத்தை. வெள்ளக்காரன் நடத்துன பத்திரிகை. அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?"

நான் குறுக்கே பேசினேன். "அண்ணே, எந்தப் பத்திரிகை? எந்த வருசம்?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. இப்ப பழசு பூராத்தையும் போட்டோ புடிச்சு நெட்டுல ஏத்திட்டாங்க. பேரை அடிச்சா வந்து நிக்கும்."

"பேரை அடிச்சா எத்தனை பேரு வந்து நிப்பாங்க? நம்ம பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பேரு இருக்கே."

பந்தி முடிந்த பிறகு வந்து இலை கேட்பவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "நீ டீச்சரு. உனக்குச் சந்தேகம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு ஆல்பத்துக்குத் திரும்பிவிட்டார்.

அத்தையின் அப்பா மலேயாவுக்குப் போனது அத்தை கைக்குழந்தையாக இருந்தபோது. ரப்பர் தோட்ட வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்; மழை பொய்த்த வருடம்; போனார். சில காலம் கடிதம் வந்திருக்கிறது. பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், கடிதம் நின்றது. சண்டை முடிந்த பிறகு திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் விசாரித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாராம். கால் முழுக்கப் புண். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனபோது அத்தையின் அப்பாவும் இவரும் ஒரே கொட்டகையில் படுத்தவர்களாம். வாந்திபேதி கண்டு இரண்டு நாளில் போய்விட்டார், மூங்கில் புதருக்குப் பக்கத்தில் நாங்கள்தான் குழி வெட்டினோம் என்று அந்த ஆள் சொன்னார். சொல்லிவிட்டுக் கேப்பைக் கூழ் குடித்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அவருடைய அம்மா தாலியைக் கழற்றினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தம்பி வரமாட்டான் என்று ஆனபிறகு அவருடைய நிலத்தை எங்கள் தாத்தா சேர்த்து உழுதார். தாயும் மகளும் பிழைப்புக்கு மதுரைக்கு வந்தார்கள். தாய் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். கோயிலுக்கு வாங்கிய மணியும் வெட்டிய கிணறும் அதற்குப் பிறகு வந்தவை. அண்ணனுடைய புத்தகத்தில் ஆறு பக்கத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. தூக்கில் தொங்கியவனுக்கு நிலம் எதற்கு என்று வாசிக்கிறவர்கள் நினைத்துக்கொண்டால் அவருக்கு வசதிதான். அவர் திட்டமிட்டு அப்படி எழுதினார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த நிலத்தில் என் அப்பாவுக்கு வந்த பங்கிலிருந்துதான் நானும் படித்தேன். அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்காக இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம், இவ்வளவும் வேண்டும் என்றேன். தேடித் தருகிறேன் என்றார். மறுபடி செய்தேன். வெளியூரில் இருக்கிறேன் என்றார். அதற்கடுத்த முறை அவர் மனைவி எடுத்து, "அவுக பூசையில இருக்காக" என்றார். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட மேற்கோள் எழுதினால் எங்கிருந்து எடுத்தாய் என்று கீழே எழுதச் சொல்கிறோம். ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று அச்சடித்து வெற்றிலை பாக்கோடு கொடுத்தவர் பூசையில் இருந்தார்.

ஒருவழியாக மின்னஞ்சலில் ஒரு படம் வந்தது. செய்தித்தாளின் ஒரு துண்டு. நான்கு வரிதான். ஒரு தமிழ்க் கூலி, சின்னத் தாத்தாவின் பெயர், உடன் வேலை செய்தவனைக் கத்தியால் குத்திய வழக்கு, இன்று காலை சிறையில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. நான்காவது வரியின் முடிவில் வாக்கியம் பாதியில் நின்றது. மேலே தேதி இல்லை. எந்தப் பத்திரிகை என்று இல்லை. எந்த ஊர்ச் சிறை என்றுகூட இல்லை. படத்தோடு அண்ணன் ஒரு வரி எழுதியிருந்தார்: இப்போது திருப்தியா?

அந்தச் சமயத்தில்தான் ஆடி அமாவாசை வந்தது. ஒவ்வொரு வருடமும் அத்தை அன்றைக்குத் தன் அப்பாவுக்குப் படையல் போடுவார். கருவாட்டுக் குழம்பும் அரிசிச் சோறும், ஒரு கட்டு பீடியும். எனக்கும் ஒரு வாளியில் குழம்பு வரும். அந்த வருடம் வரவில்லை. சாயங்காலம் கடைக்குப் போனேன். அத்தை தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தை, படையல் போடலையா?"

"யாருக்குப் போட?"

அத்தை தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார்.

"வாந்திபேதியில செத்தவருக்குன்னா ஒரு கணக்கு. தூக்குல செத்தவருக்குன்னா வேற கணக்கு. பூசாரிகிட்டக் கேட்டேன், அது துர்மரணம், அதுக்குத் தனியாச் செய்யணும்ங்கிறாரு. எனக்கு என்னன்னு தெரியலையே. ஏத்தா, நெசமாவே அது எங்கய்யாவா இருந்துட்டா? அந்தப் புண்ணுக்காலன் எங்க ஆத்தா மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டுப் போயிருந்தா?"

அறுபது வருடத்துக்கு மேலாக அவர் நம்பியிருந்த ஒரு சாவை நான்கு வரி வந்து பறித்துக்கொண்டுபோய்விட்டது. தவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் சிம்மக்கல்லில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தேன். பலகைத் தடுப்புகளுக்கு நடுவே கல்லூரிப் பிள்ளைகள் சினிமாப் பாட்டு இறக்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே உட்கார்ந்து மலேயாவின் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். வெளிநாட்டு நூலகம் ஒன்று அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தது. பெயரை அடித்தால் அந்த எழுத்துகள் உள்ள பக்கத்தை எல்லாம் இயந்திரம் எடுத்துக் கொடுக்கும். எழுத்தைத்தான் அது பார்க்கும். ஆளைத் தெரியாது.

சின்னத் தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். எல்லா விதமாகவும் அடித்தேன். ஒருவன் கள் குடித்துவிட்டுச் சண்டை போட்டதற்கு அபராதம் கட்டினான். ஒருவன் ரயிலில் அடிபட்டான். ஒருவனைப் பாம்பு கடித்தது. ஒருவன் தோட்டத்துரையின் சைக்கிளைத் திருடினான். ஒருவன் மரத்தில் தொங்கிக் கிடந்தான், காரணம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே பெயர். எல்லோரும் 'ஒரு தமிழ்க் கூலி'. தகப்பன் பெயர் கிடையாது, ஊர் அநேகமாகக் கிடையாது. அதே பக்கத்தில் துரைமார்களின் கிரிக்கெட் ஆட்டத்தில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பது பொடி எழுத்தில் முழுதாக இருக்கும். துரைசாணியின் நாய் காணாமல் போனதற்கு எங்கள் ஆள் ஒருவன் செத்ததைவிடக் கூடுதல் வரி கொடுத்திருந்தார்கள். உயிரோடு இருந்து ரப்பர் பால் எடுத்து வீட்டுக்குக் கடிதம் போட்டவன் அந்தப் பத்திரிகையில் வரவே மாட்டான். குத்தினாலோ செத்தாலோ வருவான். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்கள் எல்லோரையும் கைரேகை வாங்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் படுக்கச் சொன்ன காலம் அது. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் எழுத்தை, எங்கள் ஊரிலேயே பிறந்த அண்ணன், பொய் சொல்ல மாட்டான் என்று நம்பினார்.

கடைசியில் அந்தப் பக்கம் கிடைத்தது. வரிகளைப் பார்த்ததுமே தெரிந்தது. அண்ணன் அனுப்பிய துண்டின் நான்கு வரியும் அப்படியே இருந்தன. ஐந்தாவது வரியில் அந்த ஆள் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவன் என்று இருந்தது. அதற்கடுத்த வரியில் வயது ஐம்பது இருக்கும் என்று இருந்தது. பக்கத்தின் தலையில் தேதி தெளிவாக இருந்தது. அத்தை பிறப்பதற்கு வெகுகாலம் முந்தைய தேதி. சின்னத் தாத்தா அப்போது எங்கள் ஊர்க் கண்மாயில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த பையனாக இருந்திருப்பார்.

துண்டு தானாகக் கிழியவில்லை. யாரோ ஒருவர் மவுஸைப் பிடித்து ஓரம் பார்த்து வெட்டியிருக்கிறார். ஊரும் வயதும் தேதியும் வெளியே விழும்படி வெட்டியிருக்கிறார்.

முழுப் பக்கத்தையும் அச்செடுத்தேன். அடியில் பேனாவால் பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண், எந்தப் பத்தி, எந்த நூலகத்தின் தளம், நான் பார்த்த நாள் எல்லாவற்றையும் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அத்தையை அழைத்துப் போகவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி. வேற ஆளா இருக்கலாம்."

"இருக்கலாமா? வேற ஆளுதாண்ணே. சின்னத் தாத்தா அப்ப மலேயாவுக்கே போகலை."

"அந்தக் காலத்துல வயசெல்லாம் யாரு சரியாச் சொன்னா? இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாதுல்ல?"

"நீங்க எதுக்குண்ணே அந்த வரியை வெட்டுனீங்க?"

"வெட்டலைம்மா. புத்தகத்துல படம் போடலாம்னு சின்னதாக்குனேன். இடம் பத்தலை, போடலை."

"படம் போட இடம் பத்தலை. தூக்குல போட மட்டும் இடம் இருந்துச்சா?"

அவருக்குச் சுருக்கென்றது. "இங்க பாரு, நான் கைக்காசு போட்டுக் கண்ணு வலிக்க உக்காந்து எழுதுனது. குடும்பத்துல ஒருத்தனும் ஒரு தாள் எழுதலை. இப்ப ஆளாளுக்குத் தப்புக் கண்டுபிடிக்க வந்துட்டீங்க. அடுத்த பதிப்பு போடுறப்ப பாத்துக்கலாம்."

அடுத்த பதிப்பு வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதற்குள் ஊரில் அந்த மூன்று வரி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அத்தையின் மகனுக்கு அவருடைய அப்பாவின் கிராமத்தில் கிணற்றுப் பாசன முறையில் பங்காளி ஒருவனோடு தகராறு. டீக்கடையில் வாய்ச்சண்டை முற்றியபோது அந்தப் பங்காளி, "தூக்குல தொங்குனவன் பேரனுக்கு வாயப் பாரு" என்று சொல்லியிருக்கிறான். அத்தையின் மகன் அறைந்துவிட்டார். இரண்டு பேரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். எழுதிக் கொடுத்த மனுவில் பங்காளி, இவர்கள் கொலைகாரப் பரம்பரை, புத்தகத்திலேயே இருக்கிறது என்று குறிப்பிட்டிருந்தானாம். ஆதாரமே இல்லாமல் எழுதியது, அச்சில் வந்து இரண்டு மாதத்துக்குள் அதுவே ஆதாரமாகிவிட்டது.

அச்செடுத்த பக்கத்தைக் கடையில் வைத்து அத்தைக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஊரைச் சொன்னேன், வயதைச் சொன்னேன், தேதியைச் சொன்னேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை வாங்கி அந்த நான்கு வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த ஆளு யாரு?"

"தெரியாது அத்தை. திருச்சிப் பக்கம்."

"இவருக்கும் ஒரு மக இருந்துருப்பாள்ல. அவளுக்கு இது தெரியுமோ என்னமோ." தாளை என்னிடம் திருப்பி நீட்டி, "எங்கய்யா இல்லைன்னு சொல்லு. அதுக்காக இவரைக் கொலைகாரன்னு நீயும் எழுதிராத. குத்துனாரா குத்தலையான்னு அந்தப் பேப்பர்க்காரனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

பிறகு அவருக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லாத கோபம். புத்தகம் யார் யார் வீட்டில் இருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் போவேன், அந்தப் பக்கத்தில் சரியானதை ஒட்டாமல் விடமாட்டேன் என்றார். "அவன் என்னத்துக்கு அடுத்த பதிப்பு போடணும்? எங்கிட்டப் பசை இருக்கு."

நான் எழுதினேன். மாசி வீதிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு அச்சகத்தில் உள்ளங்கை அகலச் சீட்டாக அடித்து வாங்கினோம். அதில் இருந்தது இவ்வளவுதான்: இந்தப் பக்கத்தில் சொல்லப்பட்ட செய்தி எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில் வந்தது, அந்தச் செய்தியில் உள்ளபடி அந்த மனிதர் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த, வயதில் மிகவும் மூத்த வேறொருவர், நம் குடும்பத்தைச் சேர்ந்தவர் சண்டைக் காலத்தில் சயாம் ரயில் பாதையில் வாந்திபேதியில் இறந்தார், இதற்கு ஆதாரம், உடனிருந்து அவரைப் புதைத்தவர் வந்து அவர் மனைவியிடம் சொன்னது, மகள் அருகிலிருந்து கேட்டது. கடைசி வாக்கியத்தைப் போடலாமா என்று நான் தயங்கினேன். வாய்ச்சொல்தானே, எழுத்து எதுவும் இல்லையே என்று. அத்தை, "யாரு சொன்னா, யாருகிட்ட சொன்னா, யாரு கேட்டா, அம்புட்டும் இருக்குல்ல? அவன் எழுதுனதுல இதுல ஒண்ணாச்சும் இருந்துச்சா?" என்றார். போட்டேன்.

மைதா மாவைக் காய்ச்சி ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டார். சனி, ஞாயிறுகளில் நானும் கூடப் போனேன். செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி, அழகர்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்கள் வீடு வரை போனோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை உட்காரக்கூட மாட்டார். "காதுகுத்துல குடுத்த புத்தகத்தை எடு." பலர் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்கவில்லை. ஒரு வீட்டில் அது கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அதையும் உருவி, தூசி தட்டி, பக்கம் பிரித்து ஒட்டிவிட்டு, மறுபடி கட்டிலுக்கு அடியிலேயே வைத்தார். சில வீடுகளில் காபி கொடுத்து, நடந்த கொடுமையைக் கேட்டு ஆண்களைத் திட்டினார்கள். சில வீடுகளில் கதவைப் பாதி திறந்துகொண்டு, "எதுக்கு அத்தை பெரிய எடத்துப் பொல்லாப்பு" என்றார்கள். அந்தப் பங்காளி வீட்டுக்கும் போனார். அவன் இல்லை, அவன் மனைவி புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, ஒட்டி முடிக்கும்வரை பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. எனக்குப் போன் வந்தது.

"என் புத்தகத்துல சீட்டு ஒட்டுறதுக்கு அவுக யாரு? நீ படிச்சவ, உனக்கு அறிவு இல்லை? இது சட்டப்படி குத்தம் தெரியுமா?"

"கேஸ் போடுங்கண்ணே" என்றேன். "கோர்ட்டுல தேதி கேப்பாங்க. நான் குடுக்கிறேன்."

அவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டு விசேஷம் எதற்கும் எனக்கு அழைப்பு வந்ததில்லை. என் அண்ணன் தம்பிகள், நீதான் ஒரு காகிதத்துக்காகக் குடும்பத்தை ரெண்டாக்கிவிட்டாய் என்றார்கள். எந்தக் காகிதத்துக்காக என்று நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டேன்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு எனக்குக் கருவாட்டுக் குழம்பு வந்தது. அதற்குப் பிறகு சில வருடங்கள் வந்தது. பிறகு அத்தை போய்விட்டார். தூக்கத்தில் போனார், நிம்மதியாகப் போனார் என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அவர் கடைசிவரை அந்த மருமகனோடு பேசவில்லை. அண்ணனும் மன்னிப்புக் கேட்கவில்லை. செத்த வீட்டுக்கு வந்து மாலை போட்டுவிட்டு, வாசலில் நின்ற என்னைப் பார்க்காமல் காரில் ஏறினார்.

காகிதத்தில் நாங்கள் ஒட்டி முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். புத்தகம் அச்சாவதற்கு முன்பே அண்ணனுடைய மகன் குடும்ப மரம் ஒன்றை இணையத்தில் போட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே சின்னத் தாத்தாவின் பெயருக்குக் கீழே இறப்பு: தூக்கு என்று இருந்தது. எழுதிக் கேட்டேன். பதில் இல்லாமலே ஒருநாள் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அதை வேறொருவர் நகலெடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் நகலெடுத்து, மலேசியாவில் இருந்து எழுதும் ஒருவர் வரை போய்ச் சேர்ந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம் எல்லாம் எழுதி, முழுப் பக்கத்தின் படத்தையும் அனுப்பினேன். ஒருவர் மட்டும் பதில் எழுதினார், மிகவும் மரியாதையாக. தங்கள் தகவலுக்கு நன்றி, ஆனால் எங்களிடம் அச்சில் வந்த ஆதாரம் இருக்கிறது என்று சொல்லி, அண்ணனுடைய புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் சரியாகக் குறிப்பிட்டிருந்தார்.

அவருக்கு இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.